மூடாமல் விட்ட முனை

மருத்துவமனையில் எலும்பு முறிவுக்கு வருகிறவர்களின் வரிசை போய் முடியும் இடத்தில் ஓர் அறை இருந்தது. கதவில் பலகை எதுவும் இல்லை. வாசலிலிருந்து உள்ளே போகும் வெள்ளைக் காலடித் தடங்களே போதுமாயிருந்தன. அந்த அறையில்தான் அவர் தன் வேலைக்காலம் முழுவதும் மாவுக்கட்டுப் போட்டார். பிள்ளைகளுக்கு அவர் கட்டு மாமா. நர்ஸுகளுக்கு அண்ணன். மருத்துவர்களுக்கு, "அவரைக் கூப்பிடு." நாம் கட்டுக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

அந்த வேலைக்கென்று அவர் எங்கும் படித்ததில்லை. செய்து செய்து கை பழகியதுதான். துணிச்சுருளை வாளியில் சாய்த்துப் போட்டால் குமிழி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் நடுவில் காய்ந்த மாவு நிற்கும். ஈரமான கட்டை உள்ளங்கையால் தாங்க வேண்டும், விரல் நுனி படக் கூடாது. இன்று கட்டில் விழுந்த பள்ளம் அடுத்த வாரம் உள்ளே புண்ணாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விரல்கள் வெளியே தெரிய வேண்டும். தோளிலிருந்து போட்ட கட்டானாலும் விரல்களை மூடக் கூடாது. நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும், தொட்டால் தெரிகிறதா என்று தொட வேண்டும், "மரத்துப் போயிருக்கா?" என்று கேட்க வேண்டும். நீலம் பாய்ந்த விரலை மறைத்துவிட்டால் கையே போய்விடும். அதனால் கட்டு முடியும் இடத்தில் உள்ளே இருக்கும் பஞ்சுத்துணியை வெளிப்புறமாக மடித்து, சட்டைக் கையை மடித்துவிட்டதுபோல் வழவழப்பாக முடிப்பார். அந்த மடிப்புக்கு அவர் பேர்போனவர்.

அவருடைய மனைவி அதே கட்டடத்தின் மேல் மாடியில்தான் இறந்தார். நர்ஸ் வந்து சொன்னபோது ஒரு சிறுமியின் மணிக்கட்டில் பாதிச் சுற்று ஆகியிருந்தது. பாதியில் நிற்கும் ஈரக் கட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. முடித்தார். ஓரத்தை மடித்தார். சிறுமியிடம் மரத்துப் போயிருக்கிறதா என்று கேட்டார். கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அழவில்லை. அழக் கூடாது என்ற வீம்பெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். மனைவியின் தங்கை, துக்கத்துக்கு வந்தவர்கள் காதிலெல்லாம் விழும்படி, "இந்த மனுஷனுக்கே யாராவது கட்டு போட்டு வச்சிருக்காங்களா?" என்றாள். அவர் அதையும் கேட்டுக்கொண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தொலைக்காட்சியைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். மகள் போன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். மகள் ஒரு பல்கலைக்கழகத்தின் புதைபடிவக் குழுவில் இருந்தாள். கல்லாகிப்போன எலும்புகளை மண்ணிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படும் தற்காலிக வேலை. ஒரு நாள் அவள் வழக்கமில்லாத வேளையில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு எலும்புக்குக் கட்டு போடணும்."

"எங்க உடைஞ்சிருக்கு?"

"பல இடத்துல."

"யாருக்கு?"

"ஆளுக்கு இல்லப்பா. பறக்குற ஜந்து. செத்து ஏழு கோடி வருஷம் ஆச்சு."

"அப்ப அவசரம் ஒண்ணும் இல்லையே," என்றார்.

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவள் சிரித்தது கேட்டது. அவசரம் இருந்தது. அவர்கள் குழுவில் கட்டுப் போடுகிறவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார், அப்படியே இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது மல்லாந்து படுத்திருக்கிறார். மழைக்காலம் கிட்டத்தில் வந்துவிட்டது. எலும்பு இருப்பதோ களிமண் சரிவில்; மாவுக்கட்டு போடாமல் எடுத்தால் வழியிலேயே பொடிந்துவிடும்.

அவர் துணிச்சுருள்களையும், பஞ்சுத்துணியையும், கட்டை வெட்டும் சின்ன ரம்பத்தையும் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார்.

குழு தங்கியிருந்தது ஓடாமல் நின்றுபோன ஒரு தொழிற்சாலையின் கிடங்கு. தகரக் கூரை, இரும்புக் கட்டில்கள், மூலையில் ஒரு ஸ்டவ். குழுத் தலைவியான பேராசிரியை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, இதுக்கு முன்னாடி கல்லுக்குக் கட்டு போட்டிருக்கீங்களா?"

"மனுஷங்களுக்குத்தான் மேடம். அதுலயும் சில பேரு கல்லு மாதிரிதான் இருப்பாங்க."

லாரி ஓட்டுநர் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, என் கழுத்துக்கும் ஒண்ணு போட்டு விடுங்க. வீட்டுல எதுக்குக் கூப்பிட்டாலும் திரும்ப முடியலைன்னு சொல்லிடலாம்."

மகள் அவரைச் சரிவுக்கு அழைத்துப் போனாள். களிமண்ணில் வெளிறிய பழுப்பு நிறத்தில் ஒரு நீளமான தண்டு படுத்திருந்தது. கட்டுக்காரர் அதைக் கால் எலும்பு என்றுதான் நினைத்தார்.

"கையை நீட்டுங்க," என்றாள் மகள். அவருடைய மோதிர விரலைப் பிடித்தாள். "இது அந்த விரல்."

"விரலா?"

"விரல்ல ஒரு எலும்புதான். கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், இது மூணும் அதுக்குச் சின்னதா நகத்தோட இருக்கும். நடக்குறதுக்கு. இந்த நாலாவது விரல் மட்டும் நீண்டுக்கிட்டே போகும். ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா நாலு எலும்பு. அந்த ஒத்தை விரல்தான் இறக்கையோட முன்பக்க விளிம்பு. விரல் நுனியிலேர்ந்து உடம்பு வரைக்கும் தோல் பரப்பு."

"வௌவால் மாதிரியா?"

"வௌவாலுக்கு எல்லா விரலும் குடைக் கம்பி மாதிரி உள்ள இருக்கும். இதுக்கு ஒரே கம்பி."

"சுண்டு விரல்?"

"கிடையாது."

அவர் தன் சுண்டு விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அது டைனோசர் இல்லை, பறவையும் இல்லை, அந்தக் காலத்தில் பறந்த ஊர்வன இனம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். இறக்கையை விரித்தால் அந்தக் கிடங்கின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை வரும். தரையில் நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். கழுத்து உடம்பைவிட நீளம், அலகில் பல் ஒன்றுகூட இல்லை. இறங்கியதும் அந்த நீண்ட விரலை முழங்கைப் பக்கமாக மடக்கிக்கொண்டு, மற்ற மூன்று விரல்களையும் பின்னங்கால்களையும் ஊன்றி நான்கு காலில் நடக்கும். எழும்பும்போது கால்களைவிடக் கைகளால்தான் தரையை உந்தித் தள்ளும். அவ்வளவு பெரிய உடம்பு மேலே போக வேண்டுமானால் எலும்பு கனக்கக் கூடாது. உள்ளே காற்று, குறுக்கே ஊசி போன்ற சில தாங்கிகள், வெளிச்சுவர் தடித்த அட்டையின் பருமன். கட்டுக்காரர் குனிந்து ஒரு விரிசலின் வழியாக அந்தச் சுவரைப் பார்த்தார். இத்தனை மெல்லிய எலும்பை அவர் பச்சைக் குழந்தையிடம்கூடப் பார்த்ததில்லை.

"இப்ப முக்கியமான இடத்தைக் காட்டுறேன்," என்று அவள் மூட்டு முனைக்கு அருகே மண்டியிட்டாள். பாதி மண்ணுக்குள் இருந்த முனையின் மேல்பக்கம் மூக்குபோல ஒரு சிறு மேடு தெரிந்தது. விரலை விரித்து இழுக்கும் தசைநாண் வந்து பிடிப்பது அங்கேதான். குட்டியாக இருக்கும்போது அந்த மூக்கு தனித் துண்டாக இருக்கும், வளர்ந்து முடித்ததும் எலும்போடு ஒட்டிவிடும்.

"சின்னப் பசங்க எக்ஸ்ரேல எலும்பு முனைல ஒரு கோடு தெரியும். அந்த மாதிரியா?" என்றார் அவர்.

"கிட்டத்தட்ட அதேதான்ப்பா. இங்க கோடு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியுது. உள்ள மண்ணு அடைச்சிருக்கு. பட்டறைல வச்சுச் சுத்தம் பண்ணினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஒட்டாம இருந்தா இது இன்னும் வளர வேண்டிய பிள்ளை. இந்த அளவுல ஒரு பிள்ளை இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "அதைக் காட்டிட்டா என் வேலையை நிரந்தரமாக்கக் கேக்குறேன்னு மேடம் சொல்லியிருக்காங்க. இல்லன்னா இந்த வருஷத்தோட சரி."

"அப்ப இந்த முனைதான்."

"இந்த முனைதான்ப்பா."

கட்டுப் போட வேண்டிய நாளில் காலையிலேயே வானம் இருட்டிவிட்டது. சரிவின் மறுபக்கம் இருந்த குழியை மூட மகளும் பேராசிரியையும் ஓடினார்கள். கட்டுக்காரருக்கு உதவ ஓட்டுநர் மட்டும் நின்றார். ஈரக் காகிதத்தை எலும்பின்மேல் ஒட்டி, அதற்குமேல் பஞ்சுத்துணியைச் சுற்றி, மாவில் நனைத்த துணியை அவர் அடுக்கடுக்காகப் போட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. மேல்பக்கம் இறுகியதும் அடியிலிருந்த மண்ணைக் குடைந்து, இருவருமாகப் புரட்டி, அடிப்பக்கமும் போட்டார். கடைசியில் மூட்டு முனைக்கு வந்தார். முக்கியமான இடம். துணியை ஒரு சாண் முன்னாலேயே நிறுத்தி, ஓரத்தை வெளிப்புறமாக மடித்து, ஈரக் கையால் தடவி வழவழப்பாக்கினார். முனை, அதைப் பிடித்திருந்த ஈரக் களிமண்ணோடு, வெளியே தெரிந்தது.

"சட்டைக் கை மாதிரி அழகா இருக்குண்ணே," என்றார் ஓட்டுநர்.

முதல் தூறல் விழுந்தது. இருவரும் அவசரமாகத் தார்ப்பாயில் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். மகள் நனைந்தபடி ஓடி வந்தாள்.

"முடிஞ்சதாப்பா?"

"முடிஞ்சது."

"முனை பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு," என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

பல்கலைக்கழகத்துப் பட்டறை ஒரு நீளமான அறை. குழல்விளக்குகள், மணல் நிரப்பிய தட்டுகள், தூசியை இழுக்கும் குழாய்கள். கட்டை வெட்டித் திறக்க ரம்பத்தோடு கட்டுக்காரரும் வந்திருந்தார். ரம்பத்துக்கு வேலை வரவில்லை. தார்ப்பாயைப் பிரித்ததும் மடிப்புகளிலிருந்து காய்ந்த களிமண் பொடியாகக் கொட்டியது, பொடியோடு பழுப்புச் சில்லுகளும். வெள்ளைக் கட்டின் மடித்த ஓரம் அப்படியே ஒழுங்காக இருந்தது. அதற்கு வெளியே ஒன்றும் இல்லை.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏன்ப்பா இங்க விட்டீங்க?"

"விரலாச்சே. வெளிய தெரியணும்ல."

"எதுக்கு?"

"நிறம் மாறுதான்னு பாக்க."

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் மகளின் முகத்தைப் பார்த்தார், தார்ப்பாயின் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் வெளியே போனார்.

"அப்பா, இது செத்து ஏழு கோடி வருஷம் ஆச்சு," என்றாள் மகள். குரல் ஏறவே இல்லை.

"தெரியும்மா."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பார்த்திருக்கணும். பிரிச்சுப் பாக்காம வண்டியை எடுக்க விட்டது நான்தான்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தோன்றியது.

இது வலிக்க வேண்டிய நேரம் என்று கட்டுக்காரருக்குத் தெரிந்தது. காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அறையில் தூசி இழுக்கும் குழாயின் இரைச்சல் இருந்தது, கையில் ரம்பம் இருந்தது, அதை மேசைமேல் வைத்தார். பிறகு தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடி, உதறிடாம மடிக்கலாம்," என்றார்.

சல்லடையில் சலித்தார்கள். லாரியின் தளத்தைத் தூரிகையால் பெருக்கி எடுத்தார்கள், ஆனால் தார்ப்பாயின் திறந்த ஓரம் வழியாகப் பலகை இடுக்குகளில் விழுந்தது வழியெல்லாம் போயிருந்தது. அடுத்த வாரங்களில் கட்டுக்காரர் தினமும் பட்டறைக்கு வந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மகளுக்கு எதிரே உட்கார்ந்து மண் எது, எலும்பு எது என்று சில்லுகளைப் பிரித்துத் தட்டில் போடுவார். கண் சரியாகத் தெரியாததால் பாதி தவறாகப் போடுவார். அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மாற்றிப் போடுவாள். மதியம் அவள் கொண்டு வந்த ரொட்டியை இரண்டாக்கி ஒரு பங்கை அவர் பக்கம் தள்ளுவாள்.

ஒரு நாள் அவள் சில்லுகளைப் பிடித்தெடுக்கும் சாமணத்தை டக்கென்று கீழே வைத்தாள்.

"ஒரு வார்த்தை மன்னிச்சிக்கோன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா ஒட்டிடுமா?"

"ஒட்டாது. ஆனா சொல்லணும்ப்பா. ஊர் உலகத்துல சொல்லுவாங்க."

அவர் யோசித்தார். "மன்னிச்சிக்கோம்மா," என்றார். பேருந்துச் சீட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்கிற மாதிரி இருந்தது அது.

அவள் அவரையே பார்த்தாள். "விடுங்க," என்று சாமணத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா மன்னிப்புக் கேட்டீங்க, போங்க," என்று முணுமுணுத்தாள். உதட்டோரத்தில் ஏதோ இருந்தது, சிரிப்பென்று சொல்ல முடியாது.

சில்லுகளைப் பசையால் ஒட்ட ஒட்ட மூட்டின் உருளைக் குழிவு பெரும்பாலும் கூடி வந்தது. அடுத்த எலும்பின் உருளை முனை வந்து உட்காரும் பள்ளம், அதன் இரு கரைகள், எல்லாம் ஒட்டுக்கோடுகளோடு எழுந்து நின்றன. மூக்கு மட்டும் இல்லை. அது இருந்த இடம் பொடிந்துபோய், குழியாக இருந்தது. பேராசிரியை நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"ஒட்டாம இருந்து தனியா விழுந்ததா, ஒட்டியிருந்து உடைஞ்சு போச்சா, இதை வச்சு யாராலயும் சொல்ல முடியாது," என்றார்.

"சரிவுல நான் கோட்டைப் பார்த்தேன் மேடம்."

"நீ பார்த்தே. எனக்கு அதுல சந்தேகம் இல்ல. படம் இருக்கா?"

மண் அடைத்த முனையின் படம்தான் இருந்தது. அதில் நிழலா கோடா என்று சண்டை போடலாம், தீர்க்க முடியாது. குழு எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து அந்தப் பகுதி எடுக்கப்பட்டது. பெரிய பறக்கும் ஊர்வன ஒன்றின் இறக்கை விரல் எலும்பு, மூட்டு முனை சிதைந்தது, வயது தெரியவில்லை. அவ்வளவுதான் மிஞ்சியது. ஆண்டு முடிவில் மகளின் வேலை புதுப்பிக்கப்படவில்லை. வேறோர் ஊரின் சின்ன அருங்காட்சியகத்தில் சிப்பிகளைக் கழுவி அடுக்கும் வேலைக்கு எழுதிப் போட்டாள். வரச் சொல்லிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் அவள் முடிக்க வேண்டியது ஒன்று இருந்தது. ஒட்டிய எலும்பை வெறும் தட்டில் வைக்க முடியாது. அதன் வடிவத்துக்கே மாவில் ஒரு படுக்கை வார்த்து, அதில் கிடத்தித்தான் அலமாரியில் வைப்பார்கள்.

"அப்பா, நாளைக்கு வர்றீங்களா? படுக்கை செய்யணும்."

"நானா?"

"வேற யாரு."

வந்தார். வாளியை நிரப்பிவிட்டு, "எங்க மூடணும், எங்க விடணும், நீ சொல்லு," என்றார்.

"கீழ்ப்பாதி முழுக்க. மேல முழுக்கத் திறந்திருக்கணும். இந்த முனைக்குக் கீழ மட்டும் இன்னும் ரெண்டு சுத்து அதிகம். பசை அங்க நம்ப முடியாது. இறுகுற வரைக்கும் கையால தாங்கணும்."

மெல்லிய பிளாஸ்டிக் தாளை இடையில் வைத்து, மாவில் நனைத்த துணியை அவர் ஏந்திக் கொடுக்க, அவள் எலும்பை அதில் இறக்கினாள். முனை மேசையின் விளிம்புக்கு வெளியே நீண்டது. இருவரும் எதிரெதிராக நின்று கீழிருந்து கைகளைக் கொடுத்தார்கள். இடம் போதாமல் அவளுடைய கை அவர் கையின்மேல் பாதி ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் ஈரம் மட்டும் சில்லென்று இருந்தது. பிறகு மாவு சூடேறத் தொடங்கியது.

"சுடுதுப்பா."

"சுடும். இறுகும்போது அப்படித்தான்."

"உங்களுக்குச் சுடலையா?"

சூடு உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"சுடுது," என்றார்.

அவள் விரல்களைச் சற்றே நகர்த்தி வைத்துக்கொண்டாள். குழல்விளக்கின் வெளிச்சத்தில் மூட்டுப் பள்ளத்தின் ஒட்டுக்கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன, மூக்கு இருந்த இடத்துக் குழியும் தெரிந்தது. அதை நிரப்ப வேண்டாம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

"ஒட்டாமத்தான் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது," என்றார் கட்டுக்காரர்.

"தோணுறதை எழுத முடியாதுப்பா."

"எழுத வேணாம்."

அவள் தலையைக் குனிந்து கையின் கீழே மாவு சொட்டுகிறதா என்று பார்த்தாள். சொட்டவில்லை.

"எனக்கும் அப்படித்தான்," என்றாள்.

மாவு மெல்ல ஆறியது. தட்டிப் பார்த்துவிட்டு அவள் கையை எடுத்து, கழுவுவதற்குக் குழாயடிக்குப் போனாள். அவர் மட்டும் இன்னும் சற்று நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.